மேலடுக்கு

துணிக்கடைக்காரர் இடுப்பு வலிக்காகத் தானே அடுக்கிய ஸ்பாஞ்ச் மெத்தையை இந்த வாரத்தில் நாலாவது முறையாகப் பிரித்திருக்கிறார். ஜன்னல் வெயிலில் தூசி பறக்கிறது. ஸ்பாஞ்சைச் சரக்குப் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் கசக்கி, கெட்டியானதை மேலேயும் ரப்பர் அடுக்கை நடுவிலும் மெத்தென்றதை அடியிலும் மாற்றிப் போடுகிறார். சுற்றிலும் ஜிப் வைத்த உறையின் மேல்துணியை விரித்து, இடுப்பைப் பிடித்தபடி அதன்மேல் மல்லாந்து படுக்கிறார். "சுத்தி ஜிப்பை இழுத்து மூடு." கால்மாட்டில் மண்டியிடும் மனைவிக்கு, டாக்டர் நேற்றுச் சொன்னதே காதில் நிற்கிறது: வலி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம், கால் மரத்துப்போனால் உடனே ஓடிவர வேண்டும்.

"வலி எப்படிங்க இருக்கு?"

"போன இடம் தெரியல! டாக்டரு கெடக்காரு, மேலடுக்குலதான்டி சூட்சுமமே."

அவளுக்கு உயிர் வந்ததுபோல் இருக்கிறது. மெத்தை விளிம்பில் அவருடைய இடது குதிகால் கிடக்கிறது. அங்கே ஜிப் சிக்குகிறது. வெடுக்கென்று இழுக்கிறாள். வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்து பரவுகிறது. குனிந்து பார்க்கிறாள், ஜிப்பின் பல்லுக்குள் குதிகால் தோல் மாட்டியிருக்கிறது. அவர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னடி, பாதியில நிறுத்திட்டே? இழு."