மூத்தவளின் பெட்டி

தன் தக்காளிப் பெட்டிக்குள் ஓரகத்தியின் கை இருப்பதைப் பெரியவள் கண்ணாரப் பார்த்தாள். தண்ணீர் குடிக்க நிமிர்ந்தவள், செம்பை அப்படியே கீழே வைத்தாள்.

சின்னவள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. பறிப்புக்கு வந்த முதல் நாளே தோட்டமெல்லாம் அவள் பேச்சுதான். “கையா அது, காத்து” என்றார்கள். பெரியவளின் புருஷனே சோற்றைப் பிசைந்துகொண்டு, “தம்பி பொண்டாட்டி கெட்டிக்காரிதான்” என்றான். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அன்றைக்கு அவனை யாரும் கேட்கவில்லை.

அதுவரை அந்தத் தோட்டத்தில் முதல் கை பெரியவள்தான். இப்போது விரல் முட்டியெல்லாம் வீங்கி, காலையில் சீப்பைப் பிடிப்பதே பெரும்பாடு. ஆனாலும் சாயங்காலம் பெட்டி எண்ணும்போது சின்னவளைவிட இவளுக்கு ஒன்றாவது கூடவே இருக்கும். அந்த ஒரு பெட்டிதான் அவளை ராத்திரி தூங்கவைத்தது.

பெட்டி குறைந்தவர்களுக்கு அடுத்த பறிப்பில் இடமில்லை என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அதற்குத்தான் இந்தத் திருட்டு வேலையா? பெரியவள் வரப்பின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“மேஸ்திரி, கொஞ்சம் இங்க வாங்க.”

வரிசையில் குனிந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

“என் பெட்டியில கை வைக்கிறா. நீங்கல்லாம் மெச்சுன கை எப்படி வேலை பாக்குதுன்னு நல்லாப் பாத்துக்குங்க.”

சின்னவள் எழுந்து நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஆமாக்கா, தப்புதான்” என்றாள்.

“கேட்டீங்கல்ல? இவ இருக்கிற வரிசையில இனி நான் இருக்க மாட்டேன். யார் வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

“விடும்மா, ஒரே வீட்டு ஆளுங்க” என்றார் மேஸ்திரி.

“ஏன் விடணும்? உங்களுக்கும் அவதான் ஒசத்தியாத் தெரியுறாளா?”

அவர் வாய் திறப்பதற்குள் சின்னவள் குறுக்கே வந்தாள். “நானே போயிடறேன், மேஸ்திரி. அக்கா இருக்கட்டும்.”

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பில் ஏறினாள். பெரியவள் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

சின்னவள் கேட்டைத் தாண்டும்வரை மேஸ்திரி காத்திருந்தார். மற்றவர்களும் குனிந்து பறிக்கத் தொடங்கியபின் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“முதல் நாள்லேருந்து நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அவ எடுக்கலம்மா, போடுறா.”