யாருடைய கிருமி

சம்பத் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்தான். அவன் தோலில் வாழ்ந்த கிருமி அவனை ஒன்றும் செய்யவில்லை. அதுவே மனைவி கோகிலவாணியின் காலில் ஒரு கீறல் வழியாக நுழைந்து எலும்பு வரை போய்விட்டது. மருந்துகள் தோற்றன, கடைசியாக ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு அவளை அவன் தொடக்கூடாது என்றார்கள் டாக்டர்கள். ஏழு மாதமாக அவன் பண்ணையிலேயே படுத்தான். தினமும் மாலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவான்.

ஆறிய இடத்தில் மறுபடி சீழ் வைத்தது. வீட்டுக்கு வந்த நர்ஸ் அதில் ஒரு சொட்டைக் கருவியில் வைத்தாள். முன்பே எடுத்திருந்த மாதிரிகளோடு ஒப்பிட்டு, கிருமியின் பெயரையும், அது புதிதாக யார் உடம்பிலிருந்து வந்தது என்பதையும் பத்தே நிமிடத்தில் கருவி காட்டியது.

நர்ஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த சம்பத்தின் பக்கம் திரும்பினாள். “உங்களோடதுதாண்ணா. உள்ள வந்தீங்களா?”

“சத்தியமா வாசப்படிகூட மிதிக்கலைங்க.”

“அப்புறம் எப்படி? நல்லவேளை, இன்னும் எலும்புக்குப் போகல. போயிருந்தா காலையே எடுக்க வேண்டியதுதான்.”

அவன் ஜன்னலிலிருந்து இரண்டடி பின்னால் போனான்.

“அவரைத் திட்டாதீங்க சிஸ்டர்,” என்றாள் கோகிலவாணி. தலையணை உறைக்குள் கைவிட்டு அவனுடைய பழைய சட்டை ஒன்றை உருவினாள். இத்தனை நாளும் அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கியிருக்கிறாள்.

நர்ஸ் அதை வாங்கிப் பையில் போட்டு மூடினாள்.

“துவைச்சாவது வெச்சிருக்கலாமில்ல, புள்ள?” என்றான் சம்பத்.

“துவைச்சா அதுல நீங்க இருக்க மாட்டீங்களேங்க.”