ராணியின் அடுத்த வரி

கொட்டாஞ்சேனை வீட்டில், விமானக் குண்டு பயத்துக்கு ஜன்னலில் ஒட்டிய கறுப்புத் தாளின் கிழிசல் வழியே வெயில் ஜெஸீமாவின் மருதோன்றிக் கையில் விழுகிறது. நிக்காஹ் நிச்சயமானதோடு அவளைச் சீனியர் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கூடப் படித்த திலகவதி தேத்தண்ணிக் கோப்பையோடு எதிரே இருக்கிறாள். “இங்கிலீஷ் பீரியட் வந்தா பசியே தெரியாது, என்ன? நாடகத்துல என்ட ராணி பார்ட்ட இப்ப ஆரு வாசிக்கிற?” என்று கேட்கிறாள் ஜெஸீமா. “ஒருத்தரும் இல்லை. மிஸ்தான் வாசிக்கிறவ,” என்கிறாள் திலகவதி. போன கிழமை அந்தப் பார்ட்டை மிஸ்ஸிடம் கேட்டு வாங்கியவள் திலகவதியேதான். ஜெஸீமா முகம் மலர, கண்ணை மூடிக்கொண்டு ராணியின் ஆங்கில வசனத்தைச் சொல்லத் தொடங்குகிறாள். துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. பாதியில் தடுமாறி நிற்கிறாள். “அடுத்தது என்ன, திலகா? மறந்திட்டு.” அடுத்த வரி திலகவதியின் நாக்கு நுனியில் நிற்கிறது. ஆறிப்போன தேத்தண்ணியை அவள் ஊதி ஊதிக் குடிக்கிறாள்.