ஈரம் முப்பத்தெட்டு சதவீதம்

பாசன அதிகாரிக்கு வயலில் இறங்க மனசில்லை. பூட்ஸில் புழுதி ஒட்டிவிடுமாம். ஜீப்பை ஒட்டிய வரப்போரத்திலேயே ஈரம் பார்க்கிற மீட்டரின் கம்பியைச் சொருகினார்.

"முப்பத்தெட்டு சதவீதம். இதுக்கு மேல வாய்க்கால்ல தண்ணி வேற திறந்து விடணுமாம்மா?"

வயல்காரி கையை நீட்டித் தடுத்தாள். "அங்க வேணாம் ஐயா. உள்ள வந்து குத்திப் பாருங்க, பயிரு கருகிக் கிடக்கு."

"அதெல்லாம் வேணாம், இதுவே போதும்." அவர் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார், முகர்ந்தும் பார்த்தார். "உரம்கூட நல்லாப் போட்டிருக்கியே."

"நான் போடல ஐயா. நீங்க போன்ல பேசிட்டிருந்தப்போ உங்க டிரைவர்தான் அங்க ஒதுங்கிட்டு வந்தாரு."

அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. "கை கழுவணும்... தண்ணி எங்கம்மா?"

"அதைத்தான் ஐயா, நாலு மாசமா நாங்களும் கேட்டுட்டிருக்கோம்."