நாற்பத்தொன்றாவது தாள்

கைதட்டல் ஓய்ந்து வகுப்பு காலியான பிறகும் அவள் இடத்தைவிட்டு நகரவில்லை. கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடும் அவள் குழுத் தலைவன், மொத்தப் பாராட்டையும் ஒண்டியாக வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விட்டான். 'வர்றியா?' என்று இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தனைக்கும் இருபது நிமிடம் நின்று பேசியவள் இவள்தான். வாயைத் திறக்காத பெண் என்று வகுப்பே 'மியூட்' எனப் பட்டப்பெயர் வைத்திருந்தது. அவள் ஒருவழியாகப் பேசி முடித்திருந்தாள். தலைப்பு 'தனிமையும் மனநலமும்'. ஆளைப் பார்த்துத்தான் தலைப்பைக் கொடுத்தார்களோ என்னவோ.

இப்போது அவள் மனதை அரித்தது கேன்டீன் அல்ல. ஒரே ஒரு தாள்.

இந்தப் பேச்சுக்காகப் போன மாதம் அவள் குழு ஐம்பது தாள் அச்சடித்து, ஒரு பெட்டியோடு வகுப்பு சார் மேசையில் வைத்திருந்தது. பெயர் எழுத வேண்டாம், இரண்டு கேள்விக்கும் எண் மட்டும் போட்டால் போதும். கடந்த ஒரு வாரத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்? யாருடனாவது சேர்ந்து சாப்பிட்டது எத்தனை வேளை?

வகுப்பில் நாற்பது பேர். பெட்டியைத் திறந்தால் நாற்பத்தொரு தாள் இருந்தது.

"எவனோ ரெண்டு போட்டிருக்கான். ஒண்ணைத் தூக்கிடு," என்றான் கேப்டன்.

"எதை?"

"இதோ, ரெண்டுக்கும் சைபர் போட்டிருக்கே, இதை. ஒரு வாரம் முழுக்க ஒருத்தன் பேரை யாருமே சொல்லாம இருப்பாங்களா? சும்மா வெளையாட்டு. கசக்கிப் போடு."

அவள் கசக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆனால் இன்று, கேப்டன் எழுதித் தந்ததை அப்படியே ஒப்பித்தாள்: 'ஒரு தாள் வேடிக்கைக்காக எழுதப்பட்டது, அதை நீக்கிவிட்டோம்.'

வகுப்பு சிரித்தது. எழுதிய ஆளும் இந்த அறைக்குள்தானே உட்கார்ந்திருக்கும், அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு? நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. தனியாக இருப்பது என்னவென்று தெரிந்த நாமே இதைச் செய்துவிட்டோமே என்று அழுகை வந்தது.

"இன்னும் கிளம்பலியாம்மா?"

சார் புரொஜெக்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பாடத்தைத் தவிர வேறு பேச்சு அவருக்குக் கிடையாது. அறையைப் பூட்டிக்கொண்டு கடைசியாகப் போகிறவர் எப்போதும் அவர்தான்.

"எங்க மார்க்கைக் குறைச்சிடுங்க சார்," என்று அவள் எழுந்து தாளை அவர் முன்னால் வைத்தாள். "இதை நாங்க நீக்கியிருக்கக் கூடாது. வெளையாட்டுக்கு எழுதறவன் நூறு, எரநூறுன்னு போடுவான். சைபர் போட மாட்டான்."

சார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை ஏன் இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கே?"

"நான் மொத கேள்விக்கு ரெண்டு போட்டேன் சார். ஒண்ணு எங்கம்மா. இன்னொண்ணு நீங்க. தெனமும் காலைல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்போ நாப்பது பேரையும் பேர் சொல்லித்தானே கூப்பிடறீங்க."

அவர் ஒரு கையால் தாளை எடுத்தார்.

"அந்த ரெண்டும் இல்லேன்னா எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பார்த்தேன். பயமா இருந்துச்சு." இத்தனை பேச்சை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. "அது யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும் சார். தெனமும் ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுடுவேன்."

சார் ஒயரைக் கீழே வைத்தார். தாளின் மடிப்பை விரலால் நீவி, நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"உன்னால முடியாதும்மா. நீ என்னை 'சார்'னுதானே கூப்பிடணும்."