ஒட்டிய வால்

"இந்த மொராயஸ் கண்ணை மூடிக்கிட்டு ஈயை வரைஞ்சிருப்பான் போல, ஜாந்திரா மேடம்!" மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தான் லிசாந்த்ரோ.

ஜாந்திராவுக்குக் காது மடல் சுட்டது. குரிதிபா நகர மியூசியத்தில் பூச்சிப் பெட்டிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. எள்ளில் பாதிகூட இல்லாத அந்தக் காளான் ஈயைப் புதிதாக ஆராய்ந்து எழுத அர்ஜென்டினாவிலிருந்து வந்திருக்கிறான் இவன். முப்பது வருடத்துக்கு முன் மொராயஸ் பேர் வைத்த ஈ. அந்த இனத்துக்கு உலகத்திலேயே அத்தாட்சி இந்த ஒற்றை உடல்தான்.

"ஆண் ஈயோட வால் நுனியை வச்சுத்தானே இனத்தையே சொல்றோம்? படத்துல கொக்கி மாதிரி இருக்கு, இங்க மொண்ணையா இருக்கு! நாலு பேர் ஏற்கெனவே எழுதிட்டாங்க, கற்பனையில வரைஞ்சிருக்கான்னு. நான் இனத்தோட பேரையே தூக்கிடப் போறேன்."

"அவரு... ரொம்பக் கவனமான ஆளுப்பா."

"ஆமாமா! அதான் பல்கலைக்கழகத்தை விட்டுட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராப் போயிட்டாராம்!"

கதவு திறந்தது. தினமும் போல ஒலாவோ சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார். சட்டை முழுக்கச் சாக்பீஸ் தூள்.

"சோறும் பீன்ஸும் ஆறிடும், ஜாந்திரா."

"வாங்க சார், நீங்களும் கேளுங்க. மொராயஸ்னு ஒரு புளுகன்..."

"நிறுத்துப்பா!" ஜாந்திராவின் குரல் உடைந்தது. "மொராயஸ் இவர்தான், என் வீட்டுக்காரர். புளுகினது நான். வரைஞ்சு முடிச்சு என்கிட்டதான் குடுத்தாரு. ஊசியில குத்தும்போது தும்மிட்டேன், வால் எங்கயோ பறந்துடுச்சு. தரையெல்லாம் தவழ்ந்து தேடினேன். கிடைக்கலை. வேற ஈயோட வாலை ஒட்டி வச்சுட்டேன். ஊரே இவரைக் காறித் துப்பினப்பவும் நான் வாயைத் திறக்கலை."

லிசாந்த்ரோ நாற்காலியை விட்டு எழுந்தான். கணவனின் முகத்தைப் பார்க்க ஜாந்திராவுக்குக் கூசியது.

ஒலாவோ தூக்கைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து விரல் நுனி அளவு கண்ணாடிக் குப்பியை எடுத்தார். உள்ளே கிளிசரினில் ஒரு கறுப்புப் புள்ளி.

"நீங்க வந்திருக்கீங்கன்னு இவ சொன்னா. இவளா உண்மையைச் சொன்னா காட்டலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். கொக்கி இருக்கா பாருங்க தம்பி."

அவன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தான். "இருக்கு சார். அப்படியே படத்துல இருக்கற மாதிரி!"

"நீ தும்மினப்ப பக்கத்து மேசையிலதானே இருந்தேன்? அன்னைக்குச் சாயங்காலமே என் சட்டைக் கையில ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் சொல்லலை?" ஜாந்திரா அழுதேவிட்டாள்.

"மறுநாள் உன்னைக் கல்யாணத்துக்குக் கேக்கறதா இருந்தேன். இதைக் காட்டிட்டுக் கேட்டா, பண்ண தப்புக்காகச் சரின்னுடுவியோன்னு பயம். அப்புறம் சொன்னா உனக்குத்தான் அவமானம்." சிரித்தார் ஒலாவோ. "நீ மனசாரத் தலையாட்டினே பாரு, எனக்கு அது போதும். எவன் துப்பினா என்ன?"

ஜாந்திரா தூக்கைத் திறந்து, குனிந்த தலை நிமிராமல் அவருக்குச் சோற்றை எடுத்து வைத்தாள்.

அவருடைய ஈயைக் கெடுத்த பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் அன்று அவள் தலையாட்டியிருந்தாள்.