அசையாத தலைகள்

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பள்ளி ஆய்வக உதவியாளர் தேவசகாயம்.

கச்சேரிகளில் தேரை தொண்டை கிழிய அலறும். மரங்கொத்தி அடிமரத்தை அதிவேகமாக முழக்கும். கேட்க வந்த ஓணான்கள் வெறிகொண்டு தலையாட்டும்.

குளம் வற்றித் தன் குஞ்சுகள் மடிந்தபின் நடந்த கச்சேரியில், தேரை மெல்ல, நீளமாகப் பாடியது. ஒரு தலையும் அசையவில்லை.

“இதென்ன தாலாட்டா, தேரையக்கா? எங்களைத் தூங்கவைக்கவா அழைத்தீர்கள்?” என்றது முன்வரிசை ஓணான்.

“இப்போது எனக்குள் இருப்பது இதுதான், தம்பி,” என்றது தேரை.

“எங்களுக்குப் பழைய அலறல் வேண்டும். இல்லையேல் நுழைவுக்குத் தந்த ஈசலைத் திருப்பித் தாருங்கள்.”

“ஒரே ஒருமுறை அலறிவிடு, அக்கா. கோடை முழுதும் நமக்கு அந்த ஈசல்தான் உணவு,” என்று மரங்கொத்தி கெஞ்சியது.

தேரை வாயைத் திறந்தது. அதே பாட்டுத்தான் வந்தது. பிறகு அது நுழைவுக்கு வாங்கிய பதினேழு ஈசல்களையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தது.